பீலிக்கரைக்கு மேலே பறந்த ட்ரோன்

கேள்வி:

அண்ணா, எனக்கு 26 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் இப்போது மேலிருந்து எடுத்த வீடியோ கேட்கிறார்கள். அதனால் சீட்டுக் காசில் கொழும்பில் ஒருவரிடம் பழைய டிஜேஐ மினி 2 ட்ரோன் ஒன்று வாங்கினேன். கூட வேலை செய்பவர், "அது சைனா சாமான், நீ எடுக்கிற அவ்வளவும் நேரே சைனாவுக்குப் போகுது, அமெரிக்காக்காரனே தடை பண்ணிட்டான்" என்கிறார். போன மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்த சம்பளக் கூட்டத்தைச் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டதால் மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இப்போது தோட்டத்து ஆபீசில் கூப்பிட்டு அதன் ஒரிஜினலைக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பொலிஸ் வந்து கேட்கும் என்கிறார்கள். இது போதாதென்று, வேறொரு நாள் கோயில் கும்பத்தை எடுக்கப் போனபோது ட்ரோன் பெண்கள் குளிக்கும் பீலிக்கரைப் பக்கம் வந்தது என்று இரண்டு அக்காமார் அம்மாவிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நான் 40 மீட்டர் உயரத்தில்தான் பறந்தேன். போனில் அப்படித்தான் காட்டியது. பேசாமல் விற்றுவிடவா?

பதில்:

விற்க வேண்டாம் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நிதானமாக வாசிக்கலாம்.

மலைச்சரிவுகளை ட்ரோனில் படமெடுத்து வரைபடம் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. உங்கள் கடிதத்தில் மூன்று பேர் உங்களைப் பார்க்கிறார்கள்: சைனா, தோட்டத்து ஆபீஸ், பீலிக்கரை அக்காமார். நீங்கள் பயப்படும் வரிசையும் அதுதான். என் கணக்கில் வரிசை தலைகீழ். ஆனாலும் தூக்கம் கெடுவது முதலாவதால் என்று தெரிகிறது, அதிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் நண்பர் சொல்வது காற்றில் வந்த கதை இல்லை. டிஜேஐ 2006இல் சீனாவின் ஷென்சென் நகரில் தொடங்கிய கம்பனி. உலகத்தில் சாதாரண ஆட்கள் வாங்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை அவர்கள் செய்பவை. 2017 ஓகஸ்டில் அமெரிக்க இராணுவம், பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன என்று காரணம் சொல்லி, தன் பிரிவுகள் எல்லாம் டிஜேஐ பாவிப்பதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் அந்தக் கம்பனியைத் தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஒக்டோபரில் பென்டகன் அதைச் 'சீன இராணுவக் கம்பனி' என்று பட்டியலிட்டது. கம்பனி நீதிமன்றம் போனது. 2025 செப்டெம்பரில் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. ஆனால் சீனக் கம்யூனிஸ்ட் கட்சிதான் கம்பனியைச் சொந்தமாக வைத்திருக்கிறது அல்லது ஆட்டுவிக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே நீதிபதி சொன்னார். 2025 டிசம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு வெளிநாட்டில் செய்யப்படும் ட்ரோன்களின் புதிய மாடல்களுக்கு இனி அனுமதி இல்லை என்றது. சீனாவுக்கு மட்டுமில்லை, எல்லா வெளிநாடுகளுக்கும். ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பறக்கவிடத் தடையில்லை. இந்தியாவும் 2022 பெப்ரவரியிலேயே வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைப் பெரும்பாலும் மூடிவிட்டது. இப்படியான தடைகளில் பாதி பாதுகாப்புக் கவலை, பாதி உள்ளூர் உற்பத்தியைத் தூக்கிவிடும் ஆசை என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் அடுக்கினால் பயம் கூடத்தான் செய்யும். ஆனால் இன்றுவரை பகிரங்கமாக வந்திருப்பது சந்தேகமும் ஓட்டைகளும்தான். உங்களைப் போன்றவர்கள் எடுத்த வீடியோ தானாகக் கிளம்பிப் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தது என்று யாரும் ஆதாரத்தோடு காட்டவில்லை. அதற்காகக் கவலையைத் தூக்கி எறியவும் முடியாது. சீனாவின் 2017ஆம் ஆண்டுத் தேசியப் புலனாய்வுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அந்நாட்டு நிறுவனங்களும் பிரஜைகளும் அரச புலனாய்வு வேலைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. கம்பனி நல்ல கம்பனியாகவே இருக்கட்டும், அரசாங்கம் கேட்டால் என்ன செய்யும்? அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் பயப்படுவது இந்த இடத்தில்தான். இராணுவ முகாம், துறைமுகம், மின் நிலையம் எங்கே எப்படி இருக்கிறது என்ற விபரம் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

உங்களுக்கு? தேயிலை மலையின் படம் செய்மதிப் படங்களில் ஏற்கனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. அக்காவின் கல்யாண ஊர்வலத்தைப் பார்க்க எந்த நாட்டு உளவுத்துறையும் வரிசையில் நிற்காது. காசல்ரீ, மவுசாகலை அணைக்கட்டுப் பக்கமோ மின் நிலையப் பக்கமோ போகாமல் இருந்தால் போதும். அங்கே பறக்கவிட்டால் நம் நாட்டுப் பொலிஸே வந்துவிடும், சைனா வரைக்கும் போகத் தேவையில்லை.

சரி, உங்கள் மினி 2 உண்மையில் எப்படி வேலை செய்கிறது? அந்த ட்ரோனுக்குள் சிம் கிடையாது. அது தானாக இன்டர்நெட்டுக்குப் போகாது. படம் ரேடியோ அலையில் உங்கள் கையிலுள்ள ரிமோட்டுக்கு வருகிறது, ரிமோட்டிலிருந்து வயர் வழியாகப் போனுக்கு வருகிறது. ஒரிஜினல் வீடியோ ட்ரோனுக்குள் இருக்கும் மெமரி கார்டில் பதிவாகிறது. ஆக, தகவல் வெளியே போவதென்றால் போன் வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் பயப்பட வேண்டிய சாமான் ட்ரோன் இல்லை, அதோடு கொழுவியிருக்கும் போன்.

அந்தப் போனில் ஓடும் டிஜேஐ ஃப்ளை என்ற செயலி அன்ட்ரோயிட் போன்களுக்கு கூகுள் பிளே ஸ்டோரில் கிடைக்காது, கம்பனியின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். கூகுளின் சோதனையில் படாமல் வரும் செயலி என்றால் கொஞ்சம் கவனமாகத்தான் இருக்க வேண்டும். 2020இல் சினக்டிவ் என்ற பிரெஞ்சுப் பாதுகாப்பு நிறுவனம், இதற்கு முந்திய டிஜேஐ கோ 4 செயலியைப் பிரித்துப் பார்த்தது. பிளே ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழி அதற்குள் இருந்ததைக் கண்டுபிடித்தது. கம்பனி விளக்கம் சொன்னது. தனக்கு வேண்டியதை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் செயலி, நம் வங்கிக் கணக்கும் வட்ஸ்அப்பும் இருக்கும் போனில் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதனால் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றை எடுத்து, முழுவதும் அழித்து, ட்ரோனுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். சிம் இல்லை. வட்ஸ்அப் இல்லை. ஒரு நம்பர்கூட அதில் சேமித்து வைக்கவில்லை. கணக்குத் திறக்கப் புதிதாக ஒரு மின்னஞ்சல். செயலி கேட்கும் அனுமதிகளில் இடம் காட்டுவதை மட்டும் பாவிக்கும்போது என்று கொடுத்தேன். மைக் வேண்டாம், தொடர்பு எண்கள் வேண்டாம். பறக்கப் போகும்போது ஏரோப்ளேன் மோடைப் போட்டு வைஃபையும் நிறுத்திவிடுவேன். வரைபடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். ட்ரோன் தன் இடத்தைச் செய்மதியிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதால், திரும்பி வரும் இடத்தை மறக்காது. சொப்ட்வெயார் புதுப்பிக்க வேண்டி வந்தால் மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு வைஃபையில் செய்வேன். பறந்த விபரங்களைக் கம்பனியின் சேர்வரில் சேமிக்கவா என்று செயலியில் ஒரு பொத்தான் இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்த வசதியையே 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். நீங்களும் அதை அமுக்காமல் விடுங்கள்.

நம் பொடியன்களிடம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. தூரம் கூடுதலாகப் போகும் என்று யாரோ உடைத்து மாற்றிய செயலியை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். சைனாக் கம்பனியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவரே பெயர் தெரியாத ஒருவன் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். உங்கள் போனில் அப்படி ஏதும் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

இனி உங்கள் அடுத்த கேள்விக்கு வருவோம். ஆபீசில் கேட்பது ஒரிஜினல். ஏன் ஒரிஜினல்? தலைவருக்கு நீங்கள் கொடுத்தது வட்ஸ்அப்பில் போய்ச் சுருங்கிப்போன வீடியோவாக இருக்கும். ஒரிஜினலில் முகம் துலங்கும், அதோடு இன்னொன்றும் வரும். மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள். செயலியில் வீடியோ சப்டைட்டில் என்ற வசதி போட்டிருந்தால், ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும். திறந்தால் நொடிக்கு நொடி ட்ரோன் நின்ற அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் எல்லாம் வரிவரியாக இருக்கும். போட்டோ என்றால் அந்த விபரம் படத்துக்குள்ளேயே இருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும், 'டொக்கியுமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். கார்டைத் தூக்கிக் கொடுத்தால் அத்தனையும் போகும். போதாததற்கு, அந்தக் கார்டில் போன கிழமை எடுத்த யாரோ ஒருவருடைய வீட்டுச் சடங்கும் இருக்கும்.

இதில் நானும் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் உதிரிப்பாகத்துக்காகப் பழைய ட்ரோன் ஒன்று வாங்கினேன். விற்றவர் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார், கவனமான ஆள். ஆனால் அந்த மாடலில் ட்ரோனுக்குள்ளேயே 8 ஜிபி சேமிப்பிடம் உண்டு, அதை அவர் மறந்துவிட்டார். வயரைக் கொழுவியதும் அவருடைய வீட்டுக் கூரை, பின்வளவு, தொட்டியில் குளிக்கும் பிள்ளை, வீட்டின் இடக்குறிப்பு எல்லாம் என் மேசையில் விரிந்தது. முன்பின் தெரியாத மனிதர். அழித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. மினி 2இல் வீடியோவுக்கு அப்படி உள் சேமிப்பு இல்லை. ஆனால் பறந்த குறிப்புகள் ட்ரோனிலும் தங்கும், போனிலும் தங்கும். நீங்கள் பழையதாக வாங்கியது என்பதால் சொல்கிறேன்: முந்தியவரின் கணக்கிலிருந்து அது விலக்கப்பட்டு உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபீசுக்கு என்ன பதில் சொல்வது? தொரை ஒரு தனியார் கம்பனியின் முகாமையாளர். காணி அவர்கள் பொறுப்பில் இருப்பதால், "எங்கள் எல்லைக்குள் ட்ரோன் கிளப்பாதே" என்று சொல்ல அவருக்கு இடமுண்டு. நீங்கள் எடுத்த வீடியோவைக் கொடு என்று கட்டளை போட அவருக்கு அதிகாரம் இல்லை. வாய்ச் சண்டைக்கும் போக வேண்டாம். "தலைவர் கேட்டு எடுத்தது சேர், அவரிடம்தான் கேட்க வேண்டும், வேண்டுமானால் எழுத்தில் தாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். எழுத்தில் தா என்றதும் பாதிக் கேள்விகள் அத்தோடு நின்றுவிடும். நான் பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன்.

பொலிஸ் விஷயம் வேறு. ஒரு முறைப்பாட்டை விசாரிக்கும்போது சான்றுகளைப் பெற அவர்களுக்குச் சட்டப்படி வழி உண்டு. வந்தால் யார், எந்த நிலையம், எந்த முறைப்பாடு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கேளுங்கள். கார்டை எடுத்தால் ரசீது வாங்குங்கள். அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசி வைப்பது நல்லது. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, இதுமாதிரி வேலைக்குத்தான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒருவர் கேட்ட பிறகு பயந்துபோய் அந்த வீடியோவை அழிக்காதீர்கள். சான்றை அழித்தான் என்று அதுவே தனி வழக்காகிவிடும். கார்டைக் கழற்றி, ஒரு பிரதி எடுத்து, கார்டை அப்படியே எடுத்து வையுங்கள். ட்ரோனுக்கு வேறு கார்ட் போடுங்கள்.

அந்த வீடியோவில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். யார் முன்வரிசையில் நின்றார், யார் கை தூக்கினார், அன்றைக்குப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) வராதவர் யார் என்று ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நம்மை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக் கிடந்த சனம் நாம். நம் அம்மாமாருக்குப் பட்டியல் என்றாலே வயிற்றைக் கலக்கும், அதில் பிழையும் இல்லை. அடுத்த முறை கூட்டம் எடுப்பதென்றால் பின்பக்கமிருந்து, தலைகள் மட்டும் தெரிகிற மாதிரி உயரத்தில் எடுங்கள். தலைவருக்குக் கொடுக்கும்போது முகங்களை மங்கலாக்கி, சின்ன அளவில் கொடுங்கள். எடுத்த வீடியோ யாரிடம் போகும் என்று கூட்டத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

மேலிருந்து ஆட்களைப் பார்க்க நம் அரசாங்கத்துக்கும் சைனாவின் உதவி தேவையில்லை. 2020 நவம்பரில் கொரோனாவுக்காகக் கொழும்பில் மூடப்பட்டிருந்த பகுதிகளில் ட்ரோன் பறக்கவிட்டு, வெளியே திரிந்தவர்களைப் பிடித்தார்கள். ட்ரோன் விடுகிறவரைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. உங்கள் மினி 2, பறக்கும்போதே தான் எங்கே இருக்கிறேன் என்பதையும் ரிமோட்டோடு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் காற்றில் சொல்லிக்கொண்டே போகிறது. ஜெர்மனியின் போக்கும் (Bochum) என்ற நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகமும் சிஸ்பா என்ற ஆய்வு நிலையமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் செய்தி பூட்டப்படாமலே போகிறது என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்த ட்ரோன்களில் மினி 2வும் ஒன்று. மொத்தம் 16 ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள். தகுந்த கருவி வைத்திருப்பவர் யாரும் அதைப் பிடித்து வாசிக்கலாம். ஒளிந்து நின்று பறக்கவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன், ட்ரோனைப் பதிந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. 249 கிராம் தானே, பதியத் தேவையில்லை என்று விற்றவர் சொல்லியிருப்பார். அது அமெரிக்காவின் 250 கிராம் வரம்புக்காகப் போட்ட எடை. இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். காசுக்குப் படமெடுக்கிற ஆள் என்பதையும் சொல்லி, பறப்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோனை நிறுத்திவைத்தார்கள் என்பது ஞாபகம் இருக்கும். பாதுகாப்புத் தரப்பின் கண் இதில் எப்போதும் உண்டு. பதியாத ட்ரோனோடு தொரைக்கு முன்னால் சட்டம் பேசப் போனால் முதல் அடி உங்களுக்குத்தான் விழும்.

சட்டம் என்றதும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதியை 2025இல் தள்ளிவைத்தார்கள். வீட்டுத் தேவைக்கு எடுக்கும் படங்களுக்கு அது பொருந்தாது, ஆனால் ஸ்டூடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு எடுப்பது வீட்டுத் தேவை ஆகாது. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒரு வாசகம் கிடையாது. அதற்காக அந்த அக்காமாருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம், பழைய ரோமன் டச்சுச் சட்டத்தின்படி மான நட்ட வழக்குப் போடலாம்.

இனிப் பீலிக்கரை. எனக்கு இதுதான் பெரிய கேள்வி. ஏனென்றால் இங்கே நிச்சயமாக யாரோ நோகடிக்கப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை நம்புகிறேன். 40 மீட்டர் என்று போன் காட்டியது என்பதையும் நம்புகிறேன். அக்காமார் சொன்னதையும் நம்புகிறேன். மூன்றும் ஒன்றாக எப்படி உண்மையாகும்?

போனில் காட்டும் உயரம், நீங்கள் ட்ரோனைக் கிளப்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். கீழே இருக்கும் தரையிலிருந்து அளந்தது இல்லை. கடற்கரையில் நின்று பறக்கவிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நம் மலையில் ஒன்றில்லை. நீங்கள் கீழே ரோட்டோரம் நின்று கிளப்பியிருப்பீர்கள். கோயில் அதற்கு மேலே, பீலி அதற்கும் மேலே. ரோட்டிலிருந்து பீலிக்கரை 30 மீட்டர் உயரம் என்று வையுங்கள், நம் சரிவில் அது நாலு வரிசை லய வீடுகளைத் தாண்டினால் வந்துவிடும். ட்ரோன் 40இலேயே நேராகப் போயிருக்கும், மலை அதை நோக்கி ஏறி வந்திருக்கும். பீலிக்கரையில் நின்றவர்களின் தலைக்கு மேலே வெறும் 10 மீட்டர். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே கணக்கில் பிழைவிட்டு, ஒரு சவுக்கு மரத்தில் கொண்டுபோய்க் கொழுவியிருக்கிறேன். மரம் அம்மாவிடம் வந்து சண்டை போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

40 மீட்டரில் மினி 2வின் 4கே வீடியோவில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு முகத்துக்குப் பத்துப் புள்ளிதான் கிடைக்கும், யாரென்று தெரியாது. 10 மீட்டரில் அதே முகத்துக்கு 40 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஊர்க்காரர்கள் பார்த்த உடனேயே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் மலையில் கெமரா மேலேயிருந்து நேராகக் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கும். நெஞ்சுக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நேரம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு சாமான் குளவி மாதிரி இரைந்துகொண்டு நின்றால் எப்படி இருக்கும்? அதன் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் தெரியாது. "அது கோயிலைத்தான் பார்த்தது" என்று நீங்கள் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? டிஜேஐ கம்பனி "நாங்கள் பார்ப்பதில்லை" என்று சொல்வதை உங்கள் நண்பர் எவ்வளவு நம்புகிறாரோ அவ்வளவுதான்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்து குளிக்கும் நேரம் எது என்று தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கிளப்பாதீர்கள். நாளைக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த அக்காமாரின் வீட்டுக்குப் போங்கள். கும்பம் எடுத்த கார்டையும் போனையும் கொண்டு போங்கள். போனிலும் மங்கலான ஒரு பிரதி தங்கியிருக்கும், அதையும் மறக்க வேண்டாம். அன்றைக்கு எடுத்ததை முதலிலிருந்து கடைசி வரை அவர்களே ஓடவிட்டுப் பார்க்கட்டும். அவர்கள் இருக்கும் இடம் வந்தால் அவர்களே அழிக்கட்டும். கூட்டத்தை எடுத்த கார்ட் வேறு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். உயரக் கணக்கைப் பற்றி விளக்கம் சொல்வதற்கு முதல் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வேலைக்கு வருவோம். தேர் வருகிறது, கல்யாண மாதம் வருகிறது. மழைக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு ஏதும் கண்டிருக்கிறதா என்று மேலிருந்து பார்க்கவும் உங்கள் தோட்டத்துக்கு இது உதவும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை இறங்கியதிலிருந்து எங்கே வேலைக்குப் போனாலும் எனக்கு முதலில் அதைத்தான் பார்க்கத் தோன்றும். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தப் படத்தை இடக்குறிப்போடு அனுப்புங்கள். அதற்கு மட்டும் 'டொக்கியுமென்ட்' என்றே அனுப்பலாம்.

கும்பத்தை மறுபடி எடுக்கப் போகும்போது ரோட்டோரத்தில் நிற்காதீர்கள். ட்ரோனைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரை மட்டத்தில் இருக்கும் மேல் லயத்து வாசல் வரை நடந்து போய், அங்கே இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு, அங்கேயிருந்து கிளப்புங்கள். அங்கே போன் 40 என்று காட்டினால் பீலிக்கரையில் நிற்பவர்களின் தலைக்கு மேலேயும் 40 இருக்கும்.